சூதுக்குக் கணக்குண்டா?

மதுவையும் சூதையும் பற்றி மக்கள் வினவியபோது அருளப்பெற்ற வசனம், திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 219ஆவதாக அமைந்துள்ளது. ஓதுவோர் பலர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி அதில் உண்டு. அவ்விரண்டிலும் பெரும் பாவம் இருப்பதாகக் கூறும் இறைவன், மக்களுக்குச் சில பயன்களும் அவற்றில் இருப்பதை மறைக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரிது என்று அளந்து தீர்ப்பளிக்கிறான். ஆகவே, சூதில் ஆதாயமே கிடையாது என்று நாம் வாதாட வேண்டிய அவசியமில்லை. இரண்டையும் தராசிலே வைத்துப் பார்ப்பதே வேதம் காட்டிய வழி. அவ்வாறு வைத்துப் பார்க்கும் வேலையை ஒரு கடிதம் நமக்குக் கொண்டுவந்திருக்கிறது.

திருத்தணி வட்டாரத்து மணவூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் உள்ள ஊர் அது. விடியலில் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் வாலிபர்களில் அவருடைய மகனும் ஒருவர். போகவர ஆகும் அந்த நேரத்தில், கைபேசியிலே கிரிக்கெட், கால்பந்து ஆட்டங்களின்மீது பணம் வைக்கும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. தாய் கண்டித்தபோது, “அம்மா, இது சூதல்ல, கணக்கு. மூன்று ஆட்டங்களில் ஒன்று தவறினாலும் பணம் வரும்படி ‘சிஸ்டம்’ போட்டிருக்கிறேன்” என்று சொல்லி, ஒரு தாளிலே கணக்கையும் எழுதிக் காட்டினாராம். “எனக்குக் கணக்குத் தெரியாது ஹஜ்ரத். அவன் சொல்வது மெய்தானா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? என் வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. வாங்கிய கடன்களுக்கு என்ன வழி?” என்று அத்தாயார் கேட்கிறார்.

ஹராம் என்ற ஒரு சொல்லில் பதிலை முடித்துவிடலாம். ஆனால், கணக்கு என்று சொல்லிக்கொண்டு வருபவரைக் கணக்கைக் கொண்டே சந்திப்பதுதான் முறை. இல்லையேல், “ஆலிம்களுக்கு இதெல்லாம் விளங்காது” என்று அவர் அகன்றுவிடுவார். ஆகவே, அந்தத் தாளில் உள்ளதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

சமபலம் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த அணி வெல்லும் என்பது நாணயத்தைச் சுண்டுவது போன்றதே. நேர்மையான பந்தயமானால், நூறு ரூபாய் வைத்து வென்றவருக்கு இருநூறாகத் திரும்ப வேண்டும். பந்தயம் நடத்துபவர் அப்படிக் கொடுப்பதில்லை. ‘ஆட்ஸ்’ எனப்படும் வீதத்தை 1.90 என்று குறிப்பார். அதாவது வைத்த நூறும் சேர்த்து 190 ரூபாய். இந்தப் பக்கம் ஒருவர் நூறும் அந்தப் பக்கம் ஒருவர் நூறும் வைத்தால், அவர் கைக்கு வந்தது 200. வென்றவருக்குப் போனது 190. எந்த அணி வென்றாலென்ன, தோற்றாலென்ன, பத்து ரூபாய் அவர் பெட்டியிலே தங்கிவிட்டது. நூற்றுக்கு ஐந்து. புக்கிக்கு விளையாட்டைப் பற்றிய கவலையே கிடையாது என்பதை இங்கேயே நினைவில் வையுங்கள்.

இனி ‘டபிள்’. இரண்டு ஆட்டங்களைப் பிணைத்து, இரண்டும் சொன்னபடி நடந்தால் மட்டுமே பணம் என்பது அது. முதல் ஆட்டத்தில் கிடைத்த 190 அப்படியே இரண்டாவது ஆட்டத்தின்மீது போய் விழும். அதுவும் வென்றால் 361 ரூபாய். ஆசை காட்டும் தொகைதான்! ஆனால் நேர்மையான வீதத்தில் அது 400 ஆக இருந்திருக்க வேண்டும். ஒற்றை ஆட்டத்தில் நூற்றுக்கு ஐந்தாக இருந்த பிடித்தம், இரண்டைப் பிணைத்ததும் ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. மூன்றைப் பிணைத்தால் 14 ரூபாய்க்குமேல். நான்கைப் பிணைத்தால் பதினெட்டரை. ஆட்டங்களைப் பிணைக்கும்போது ஆதாயம் மட்டும் பெருகுவதில்லை, நடத்துபவரின் பிடித்தமும் கூடவே பெருகுகிறது. திரையில் பெருக்கிக் காட்டப்படுவது முதலாவது மட்டுமே.

அந்த மகன் போட்ட ‘சிஸ்டம்’ என்பது, மூன்று ஆட்டங்களைத் தேர்ந்து அவற்றை இரண்டிரண்டாகப் பிணைப்பது. முதலும் இரண்டும், முதலும் மூன்றும், இரண்டும் மூன்றும் என்று மூன்று டபிள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாயானால் மொத்தம் 300. ஒரே சீட்டாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை மூன்று பந்தயங்கள்.

மூன்று ஆட்டங்கள் முடியும் விதங்கள் எட்டு. மூன்றும் அவர் சொன்னபடி நடப்பது ஒரு விதம். இரண்டு நடந்து ஒன்று தவறுவது மூன்று விதம். ஒன்று மட்டும் நடப்பது மூன்று விதம். எதுவுமே நடக்காதது ஒரு விதம். சமபலம் உள்ள அணிகளானால் இந்த எட்டும் சம வாய்ப்புள்ளவை. எட்டு வாரம் இப்படிப் பணம் வைத்து, ஒவ்வொரு விதமும் ஒருமுறை நேர்ந்தது என்று கொள்வோம். மூன்றும் நடந்த வாரத்தில் மூன்று டபிள்களும் வென்று 1,083 ரூபாய் வரும். வீடே கொண்டாடும். இரண்டு நடந்த மூன்று வாரங்களில் ஒவ்வொரு டபிளாக, வாரத்துக்கு 361 வரும். மீதி நான்கு வாரங்களில் வைத்த 300 அடியோடு போகும். எட்டு வாரத்தில் வைத்தது 2,400. வந்தது 2,166. கைவிட்டுப் போனது 234 ரூபாய்.

அதே முந்நூறைப் பிணைக்காமல், மூன்று ஆட்டங்களின்மீதும் தனித்தனியே நூறு நூறாக வைத்திருந்தால், எட்டு வாரத்தில் போயிருப்பது 120 ரூபாய். ஒன்று தவறினாலும் காப்பாற்றும் என்று நம்பிப் போட்ட ஏற்பாடு, இழப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டது. தனித்தனியே வைக்கலாம் என்று நாம் பரிந்துரைப்பதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்பீடு என்று அவர் நினைத்தது கூடுதல் கட்டணம் என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம்.

இன்னும் ஒன்று உண்டு. அதுவே இந்தக் கணக்கில் நம்மை மிகவும் உறுத்தியது. வாலிபர்கள் பெரும்பாலும் பணம் வைப்பது பலமான அணிகளின்மீதே. பலமான அணிக்கு வீதம் குறைவு. மூன்று அணிகளுக்கும் வீதம் 1.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு சரியாக வந்துவிட்டது. வென்ற டபிளுக்கு வருவது 256 ரூபாய். வைத்ததோ 300. மூன்றில் இரண்டைச் சரியாகச் சொல்லியும் 44 ரூபாய் நஷ்டம்! ஆனால் கைபேசித் திரை அதை ‘வெற்றி’ என்றே அறிவிக்கும். அவரும் வென்றதாகவே எண்ணி நண்பர்களிடம் சொல்வார், தாயிடமும் சொல்வார். மூன்று ஆட்டங்களுக்கும் ஒரே வீதமாக இருந்து, அது 1.73-ஐ எட்டாதவரையில், இந்தச் ‘சிஸ்டத்தில்’ இரண்டு சரியாவது என்பது தோல்வியின் இன்னொரு பெயர்தான். அத்தாயார் கேட்ட முதல் கேள்விக்கு விடை இதுவே. பணம் வரும் என்று மகன் சொன்னது பொய்யல்ல. எவ்வளவு போட்டு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. ஒருவேளை அவரும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட கூட்டுப் பந்தயங்களுக்கு ஆங்கில நாட்டுப் புக்கிகள் விதவிதமான பெயர் சூட்டியுள்ளனர். நான்கு ஆட்டங்களை இரண்டிரண்டாகவும், மும்மூன்றாகவும், நான்கையும் சேர்த்தும் பிணைப்பது ‘யாங்கி’. அதற்குள் 11 பந்தயங்கள். ஆறு ஆட்டங்களானால் 57. ஐம்பத்தேழு வகைப் பண்டங்கள் என்று விளம்பரம் செய்த ஹெய்ன்ஸ் கம்பெனியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். எட்டு ஆட்டங்களானால் 247 பந்தயங்கள், பெயர் ‘கோலியாத்’. நம் வேதத்தில் தாலூத்தின் படையை எதிர்த்து நின்று, தாவூத் நபியின் கையால் மடிந்த ஜாலூத்தான் அந்தக் கோலியாத். பெயர் வைத்தவர் அறிந்து வைத்தாரோ அறியாமல் வைத்தாரோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது!

இவற்றை எண்ணுவதற்கு வழி எளிது. ஆட்டம் ஒன்றுக்கு ஒருமுறை வீதம் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே வந்து, கிடைத்ததில் ஒன்றையும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கழிக்க வேண்டும். எட்டு ஆட்டத்துக்கு 256. அதில் ஒன்பதைக் கழித்தால் 247. பந்தயம் ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று தட்டியவர் வைத்தது நூறல்ல, 24,700 ரூபாய். எட்டையும் ஒன்றாகப் பிணைத்த அந்தக் கடைசிப் பந்தயத்தில், நூற்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய்க்குமேல் நடத்துபவரின் பிடித்தமாகப் போய்விடுகிறது. பிள்ளைகளின் கைபேசியைப் பார்க்க நேரும் தந்தைமார்கள், ‘ஒன்றுக்கு எவ்வளவு’ என்பதைப் பாராமல், ‘மொத்தம் எவ்வளவு’ என்பதைப் பார்க்கட்டும்.

இவ்வளவு கணக்குப் பேசுவது ஓர் ஆலிமுக்கு அடுக்குமா என்று சிலர் நினைக்கக்கூடும். கணக்கின்மீது குற்றமில்லை. அரபு இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத், கிறிஸ்து சகாப்தம் எட்டாம் நூற்றாண்டிலேயே, மூன்றெழுத்துகளை ஆறு விதமாகவும், நான்கை 24 விதமாகவும், ஐந்தை 120 விதமாகவும் மாற்றி அடுக்கலாம் என்று கணக்கிட்டு, அந்த ஒழுங்கிலே அகராதி வகுத்தார். அல்ஜீப்ராவை நூலாக்கிய குவாரிஸ்மி, அதில் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கினார். ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பாகம் பிரிக்கும் அந்தக் கணக்கை நாம் மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் போட்டுப் பழகியவர்கள்தாம். விதவைக்கும் அநாதைக்கும் பங்கைக் குறைக்காமல் கொண்டுசேர்க்கப் பயன்பட்ட வித்தை, இன்று வாலிபனின் சம்பளத்தைக் கரைக்கப் பயன்படுகிறது. அது வித்தையின் பிழையல்ல.

“திறமையால் வெல்லலாமே? குதிரைப் பந்தயம் சூதல்ல என்று உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டதே?” என்று வாதிடுவோரும் உண்டு. நம் தமிழகத்தார்க்குப் பந்தயம் என்றதும் கிண்டிதான் நினைவுக்கு வரும். கைபேசி பிறக்கும் முன்பே, ஐந்து பந்தயங்களில் வெல்லும் குதிரைகளைச் சேர்த்துச் சொல்லும் ‘ஜாக்பாட்’ அங்கே இருந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் இரண்டு குதிரைகளைப் பிடித்தால் தவறாது என்று கணக்குப் போட்டவர்கள், இரண்டை ஐந்து தரம் பெருக்கி 32 சீட்டுக்குப் பணம் கட்டினார்கள். ரேஸ் புத்தகத்தைப் படித்துப் படித்தே வீட்டை விற்றவர்களைப் பழைய தலைமுறையினர் அறிவர். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்குகள் நீண்டு, குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதாட்டச் சட்டங்களுக்குள் வராது என்று 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுச் சட்டத்தின் சொற்களுக்கு நீதிமன்றம் சொன்ன பொருள் அது. அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் மார்க்கம் கேட்கும் கேள்வி வேறு.

அம்பெய்தல், குதிரையோட்டம், ஒட்டகவோட்டம் ஆகியவற்றில் பரிசு வைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ பரிசு வைத்தால், ஓடி வென்றவர் அதைப் பெறலாம். போட்டியிடும் இருவருமே பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது என்று வரும்போதுதான் சட்ட மேதைகள் சூது என்று தடுத்தார்கள். அவ்விருவரும் திறமைசாலிகள்தாம், குதிரை ஏறி ஓட்டியவர்கள்தாம். அவர்களுக்கே இப்படியென்றால், ரயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, எவரோ ஆடும் ஆட்டத்தின்மீது பணம் வைப்பவருக்குத் திறமை எங்ஙனம் துணை நிற்கும்? ஒருவர் இழந்தாலன்றி மற்றவர் பெற முடியாத ஏற்பாடா என்பதே மார்க்கத்தின் கேள்வி. அறிவு எவ்வளவு என்பதல்ல. (உண்மையிலேயே அறிவால் வெல்பவர் எவரேனும் தோன்றினால், அவர் வைக்கக்கூடிய தொகையைக் குறைத்துவிடுவதும், கணக்கையே மூடிவிடுவதும் அந்தத் தொழிலின் வழக்கம். தோற்பவரை எவரும் வெளியேற்றுவதில்லை.)

அபூபக்ர் (ரலி) அவர்களே பந்தயம் வைத்தார்களே என்று கேட்கும் ‘படித்தவர்களும்’ இருக்கிறார்கள். ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்ற இறைவாக்கின்மீது உறுதிகொண்டு மக்காவிலே அவர்கள் வைத்த பந்தயம் அது. பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதீயின் அறிவிப்பிலேயே வந்துள்ளது. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விடுவது ஞாயமாகாது.

அரபிகள் ஆடிய ‘மைஸிர்’ எப்படிப்பட்டது என்பதை விரிவுரையாளர்கள் எழுதிவைத்துள்ளனர். ஒட்டகம் ஒன்றைக் கடனுக்கு வாங்கி அறுப்பார்கள். பையிலே பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள். மீதி மூன்றும் வெறுமை. அம்பு வராதவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் தங்களுக்குக் கிடைத்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு ஈந்து பெருமை கொள்வதும் உண்டு. வேதம் ஒப்புக்கொண்ட ‘பயன்’ இதுவெனப் பலர் விளக்கியுள்ளனர். பஞ்ச காலத்தில் ஏழைக்கு இறைச்சி கொடுத்த அந்தச் சூதே தடுக்கப்பட்டுவிட்டது. ஏழையின் சம்பளத்தையே இறைச்சியாக உண்ணும் இந்தச் சூதுக்கு எந்தப் பயனைச் சொல்லி இடம் கேட்பது? ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் தடை முழுமை பெற்றபோது, பகைமையும் வெறுப்பும் விளைவதும், இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கப்படுவதுமே காரணங்களாகக் கூறப்பட்டன. பண இழப்பு அங்கே பேசப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வென்றாலும் அந்தக் காரணங்கள் நீங்குவதில்லை. இரவு ஆட்டம் முடியும்வரை திரையைவிட்டுக் கண் எடுக்காதவருக்கு இஷா எங்கே, ஃபஜ்ர் எங்கே?

“வா, சூதாடுவோம்” என்று தோழனை அழைத்தவர், அப்படி அழைத்ததற்காகவே தருமம் செய்யட்டும் என்ற கருத்தில் நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆடியதற்கல்ல, அழைத்ததற்கே! நண்பரைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு பணம் என்று கைபேசியில் வரும் ஆசை வார்த்தைக்கு மயங்கி, ஒரே தெருவில் பத்துப் பேரைச் சேர்த்துவிடும் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இப்போது அவர்கள் பக்கம் இல்லை. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறி, திருப்பியனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் தடை செய்கிறது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளங்களும், அவற்றுக்காக ஊரில் பணம் வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்டுகளும் அற்றுப்போய்விடவில்லை. சட்டம் ஏட்டில் இருக்க, ஏஜெண்டு தெருமுனையில் இருக்கிறார்.

இனி, அந்தத் தாயார் கேட்ட கடன்களைப் பற்றி. எல்லாக் கடனும் ஒன்றல்ல. பந்தயத்தில் தோற்றதற்காக ஏஜெண்டுக்குத் தரவேண்டிய ‘பாக்கி’ என்று சொல்லப்படுவது மார்க்கத்தில் கடனே ஆகாது. நாட்டுச் சட்டத்திலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதைக்கொண்டு வழக்குத் தொடுத்துப் பணம் வசூலிக்க இயலாது. மிரட்டினால் காவல் நிலையத்துக்குச் செல்லத் தயங்க வேண்டாம். மானம் போகும் என்ற அச்சமே அவர்களுடைய முதலீடு. ஆனால், அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் கைமாற்றாக வாங்கியது அப்படியல்ல. அவர்கள் எதற்கென்று அறியாமல் கொடுத்தார்கள். அது எதில் கரைந்திருந்தாலும் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய கடன். அதை அடைக்க மஹல்லாவின் ஸகாத் நிதியை நாடலாமா என்றால், பாவத்தில் பட்ட கடனுக்கு, அப்பாவத்தைவிட்டு உண்மையாக மீண்ட பின்னரே கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ நூல்களில் காணும் தீர்ப்பு. ஜமாஅத்தார் அவரை ஒதுக்கி வைக்காமல் அழைத்துப் பேசி, மீண்டுவிட்டார் என்று நிச்சயித்துக்கொண்டு உதவலாம்.

வென்ற பணம் ஏதேனும் கையில் இருந்தால், அது யாருடையது என்று தெரிந்தால் அவரிடம் சேர்க்க வேண்டும். தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கையைக் கழுவ வேண்டும். பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். வளையல்களை அந்தப் பணத்தால் மீட்பதும் கூடாது. மகனின் உழைப்பில் வந்த சம்பளத்திலிருந்து, மாதம் கொஞ்சமாயினும், அவரே மீட்டுத் தர வேண்டும். ஏனெனில், தாய் அவற்றை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. அடகுச் சீட்டு யார் பெயரில் இருந்தாலும், அந்த வளையல்கள் இன்னும் அவருடையவை.